மூணாந்தடவை கேட்கணும்

பசி எங்கே இருக்கிறது என்பதுதான் நாச்சிமுத்துவுக்கு இப்போது தெரிய வேண்டியிருந்தது. வயிற்றிலா, நாக்கிலா, மூக்கிலா, இல்லை, இலையில் தண்ணி தெளித்துக் கையால் வழிக்கிறபோது வருகிற அந்தச் சளக் சத்தத்திலா? அறுபது வயசு வரைக்கும் இந்தச் சந்தேகம் அவருக்கு வந்ததே கிடையாது. பசித்தது, தின்றார், முடிந்தது சங்கதி. இப்போதோ கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஐசியூவில் மல்லாந்து கிடக்கிறார். கழுத்தில் துளை போட்டு ஒரு குழாய், அதன் மறுமுனையில் அவருக்குப் பதிலாகப் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற மெஷின், மூக்கு வழியாக வயிறு வரைக்கும் போகிற சன்னமான இன்னொரு குழாய். யோசிக்கிறதைத் தவிர மனுசனுக்கு வேறென்ன சோலி? நிமோனியா என்று கொண்டுவந்து போட்டார்கள். காய்ச்சல் போய்விட்டது, சளியும் குறைந்துவிட்டதாம், ஆனால் மெஷினைக் கழற்றினால் கொஞ்ச நேரத்திலேயே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. நாளைக் காலையில் மறுபடி கழற்றிப் பார்க்கப் போகிறார்கள். அது நாளைக்கு. இப்போது மத்தியானம். நர்ஸ் ஸ்டெல்லா வந்து கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு ஒன்றை மூக்குக் குழாயில் செருகித் தூக்கிப் பிடித்தாள். டம்ளரிலிருந்து காப்பி நிறத்துக் கூழை ஊற்றினாள். அது தன்பாட்டுக்கு இறங்கியது. நாச்சிமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன அதிசயம் பாருங்கள், வாய்க்குத் தெரியாமல் வயிறு தின்கிறது! வாயும் வயிறும் ஒரே வீட்டு ஆள்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். பாகம் பிரித்துக்கொண்டு போய்விட்டதுபோல் இருக்கிறதே. உப்பா, இனிப்பா, ஒரு எழவும் தெரியவில்லை. வாசனையும் இல்லை. மூச்சு கழுத்து வழியாகப் போவதால் மூக்குக்கு வேலையே கிடையாதாம், ஸ்டெல்லா சொன்னாள். நெஞ்சுக்குழிக்குக் கீழே லேசாக ஒரு கதகதப்பு, அவ்வளவுதான் சாப்பாடு. பாதி டம்ளர் போனதும் அவள் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, மார்த்தாண்டத்துக்காரிக்கே உரிய அந்த இழுப்போடு, "வயிறு நெறஞ்சிட்டாப்பா? போதுமா?" என்று கேட்டாள். நாச்சிமுத்துவின் வலது கை மெல்ல எழுந்து, விரல்களை விரித்து, உள்ளங்கையைக் கீழே பார்த்தபடி காற்றில் நின்றது. போதும். "செரி" என்று அவள் கொஞ்சம் தண்ணியை விட்டுக் குழாயைக் கழுவி மூடிவிட்டுப் போய்விட்டாள்.

போய்விட்டாள். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் போய்விடுகிறாள். இரண்டாவது தடவை கேட்கிற வழக்கமே இந்தப் பிள்ளைக்குக் கிடையாது. நல்ல பிள்ளைதான், முகம் கோணாமல் எல்லாம் செய்கிற பிள்ளை, ஆனால் பந்தி விசாரிக்கத் தெரியாது. பந்தி விசாரிப்பதென்றால் சும்மாவா? கோபிச்செட்டிபாளையத்துச் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சொந்தபந்தம், ஒறம்பரை வீட்டில் கண்ணாலம் காட்சி என்றாலும், விதைக்கடையைச் சாத்திவிட்டு நாச்சிமுத்து வந்தாக வேண்டும். சமையல்காரருக்குச் சொல்வதற்கு முன்னால் அவருக்குச் சொல்லிவிடுவார்கள். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு இலை இலையாக நடந்து வருவார். "ஏனுங் மச்சான், பொரியல் தொடவேயில்லீங்ளே." "அம்மிணி, ஒரு கரண்டி ரசஞ்சோறு." "ஏப்பா, இந்த இலைக்குப் பாயாசம் வல்லீயே, ஓடியா." இலையைக் குனிந்து பார்க்க மாட்டார், அது மரியாதைக் குறைவு. நடக்கிற நடையிலேயே கண்ணின் ஓரத்தில் எல்லாம் தெரிந்துவிடும். எல்லோரும் கையை விரித்து இலைக்கு மேலே காட்டுவார்கள், போதுமுங், போதுமுங். அதை நம்பிக்கொண்டு போகிறவன் பந்தி விசாரிக்க லாயக்கில்லாதவன். முதல் போதும் மரியாதைக்கு. இரண்டாவது போதும் பக்கத்து இலைக்காரனுக்கு, இவன் என்ன இப்படித் தின்கிறான் என்று அவன் நினைத்துவிடக் கூடாதே என்று. மூணாவது போதும்தான் வயிற்றிலிருந்து வருகிறது. இதை அவர் யாரிடமும் படிக்கவில்லை, பார்த்துப் பார்த்து வந்தது. அப்புறம் இன்னொன்று, பந்தியில் 'தீந்துபோச்சு' என்ற வார்த்தை யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. அண்டாவைக் கவிழ்த்து வைத்திருந்தாலும் "வருதுங், வருதுங்" என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வளைகாப்பில் புதுசாக வந்த ஒருவன் "தயிர் தீந்துபோச்சுங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டான், அன்றைக்கு நாச்சிமுத்துவுக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை, நம்முடைய வீட்டு விசேசம்கூட இல்லை அது. அந்த ஆள் இப்போது எங்கே இருப்பான்? அவனுக்குக் கண்ணாலம் ஆகியிருக்குமா? எதற்கு இப்போது அவன் நினைப்பு வருகிறது? மெஷின் புஸ்ஸென்றது.

பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு பொண்ணு வந்து கட்டிலருகே நின்றாள். அஃப்ரின். நோயாளிகளுக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு என்று முடிவு செய்கிற டயட்டீஷியன் அவள்தான் என்று முதல் நாளே சொல்லிக்கொண்டாள். ஒரு டேப்பை எடுத்து அவருடைய மேல்கையைச் சுற்றிப் பிடித்தாள், தையல்காரன் சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரி. அளவு அவளுக்குப் பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. நாச்சிமுத்துவும் தன் கையைப் பார்த்தார். இது யார் கை? மூட்டையை ஒற்றை ஆளாக அடுக்கி அட்டி போட்ட கையா இது? தோல் தனியாகவும் உள்ளே இருப்பது தனியாகவும் ஆடுகிறது, அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்ட மாதிரி. "ஸ்டெல்லா, நான் சொன்னதுல பாதிதானே போயிருக்கு? அதுவும் ஒவ்வொரு தடவையும்" என்றாள் அஃப்ரின். கோபமில்லை, ஆனால் விடுகிற குரலும் இல்லை. ஸ்டெல்லா, "அவரே போதும்ங்குறாரு மேடம். கேட்டுக் கேட்டுத்தான் குடுக்குறேன். கையைக் காட்டுறாரு" என்றாள். "திருப்பி இழுத்துப் பாத்தீங்களா? வயித்துல தங்குதா?" "ஒண்ணுமே தங்கல மேடம். ஒரு சொட்டு வராது. அவ்வளவும் செரிச்சிருது." அஃப்ரின் புருவத்தைச் சுருக்கினாள். "செரிக்குது, ஆனா போதும்ங்குறார். சாப்பாடு போகலேன்னா உடம்பு சும்மா இருக்காது ஸ்டெல்லா, தன்னோட தசையையே எடுத்துத் திங்க ஆரம்பிச்சுடும். மூச்சு இழுக்கறதும் தசைதானே? அதுவும் கரைஞ்சிட்டா மெஷினை எப்படிக் கழட்டறது? இன்னைக்குச் சாயங்காலம் பொழுதோட ஃபீடு எப்படிப் போகுதுன்னு பாருங்க. அப்பவும் பாதியிலேயே போதும்னார்னா, நாளைக்கு மூச்சுப் பரீட்சை வேண்டாம்னு டாக்டர்கிட்ட நானே சொல்லிடுறேன். தெம்பில்லாத மனுசனை ஏன் சிரமப்படுத்தணும்?" பிறகு நல்ல பொண்ணு, அவரை மரக்கட்டையாக நினைக்காமல், முகத்துக்கு நேரே குனிந்து கேட்டாள். "ஐயா, நிஜமாவே வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கா? இன்னுங் கொஞ்சம் குடுக்கலாமா?" எவ்வளவு மரியாதையாகக் கேட்டாள்! அந்த மரியாதைதான் கெடுத்தது. முன்பின் தெரியாத ஒரு சின்னப் பொண்ணு இப்படிக் குனிந்து கேட்கும்போது, ஆமாம் போடு என்று எப்படிச் சொல்வது? நாச்சிமுத்துவுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே கை எழுந்து விரல்களை விரித்துவிட்டது. போதும்மா. அஃப்ரின் பெருமூச்சு விட்டு, அந்தக் கையை ஒரு தடவை தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். கை அங்கேயே காற்றில் நின்றது. நாச்சிமுத்து அதை ஆவென்று பார்த்தார். அட பாவி கையே, என்ன காரியம் பண்ணிவிட்டாய்!

அஃப்ரினை எப்படியாவது திருப்பிக் கூப்பிட வேண்டும் என்று கையைக் கட்டில் கம்பியில் தட்டினார். ஸ்டெல்லாதான் ஓடி வந்தாள். என்னப்பா, சளி கட்டுதா, என்று கேட்டுக்கொண்டே கழுத்துக் குழாய்க்குள் சன்னக் குழாயை விட்டு உறிஞ்ச ஆரம்பித்தாள். சாமீ! உயிரே அந்தக் குழாய் வழியாக வெளியே போகிற மாதிரி ஒரு இருமல், கண்ணில் தண்ணி முட்டிக்கொண்டு வந்தது. அதோடு தட்டுகிற யோசனையை விட்டுவிட்டார். எழுதிக் காட்டலாமென்றால், போன வாரமே அட்டையும் பேனாவும் கொடுத்துப் பார்த்தார்கள், கோழி கிளறின மாதிரி வந்தது, யாருக்கும் புரியவில்லை, அவருக்கே புரியவில்லை. சரி, ஒரு விசயத்தை நிதானமாக யோசிப்போம். நான் சொன்ன போதும் எந்தப் போதும்? முதல் போதுமா, மூணாவதா? இத்தனை பேர் இலையைப் பார்த்துச் சொன்னவனுக்குத் தன் இலையைப் பார்த்துச் சொல்ல முடியவில்லையே. பசிக்கிறதா? தெரியவில்லை. நிறைந்திருக்கிறதா? அதுவும் தெரியவில்லை. கேட்டார்கள், கை எழுந்தது, அவ்வளவுதான். அந்தக் கைக்கு வயிற்றோடு பேச்சுவார்த்தையே இல்லை. அது ஒறம்பரை வீட்டுக் கை. இந்தக் கை செய்கிற அழிச்சாட்டியம் இன்றைக்கு நேற்றா? கண்ணாலமான புதிதில் ருக்குமணி வீட்டு விருந்து நினைவுக்கு வந்தது, சிரிக்க முடியாவிட்டாலும் உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. மாமனார் பட்டாளத்தில் இருந்து வந்தவர். மீசையும் ஆளும் பேச்சும் எல்லாமே நெட்டுக்குத்து. நாட்டுக்கோழி வறுவல், பச்சைப்புளி ரசம், வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம், என்னென்னமோ. இவர் ஒரு வாய் வைத்தார், மாமனார் "இன்னுங் கொஞ்சம் போடட்டுமா மாப்பிள்ளை?" என்று கேட்டார், இந்தக் கை போய் இலைக்கு மேலே நின்றது. "மாப்பிள்ளை போதும்னுட்டாரு. எடு" என்று மாமனார் உத்தரவு போட, மாமியார் கோழிச்சட்டியோடு உள்ளே போய்விட்டார். ஒரே கேள்வி! பட்டாளத்தில் எல்லாம் ஒரே கேள்விதான் போலிருக்கிறது. அவ்வளவு சாப்பாடு இருந்த வீட்டில் அன்றைக்குப் பட்டினி. எல்லோரும் படுத்த பிறகு ருக்குமணி முந்தானையில் கச்சாயம் முடிந்துகொண்டு வந்தாள். இவர் அவுக் அவுக்கென்று தின்பதைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பசிச்சா பசிக்குதுன்னு சொல்றதுக்கென்னங் மாமா?" "கேட்டு வாங்கித் தின்னா நல்லாவா இருக்கும்?" "கேக்காம பட்டினி கெடந்தா மட்டும் நல்லாருக்குமாக்கும்." அன்றைக்குப் பிடித்தவள்தான், இன்று வரைக்கும் சமயம் கிடைத்தால் அதைச் சொல்லிக் காட்டாமல் விட மாட்டாள். ஆனால் நிஜமாகவே, இந்த வயசு வரைக்கும் ஒருத்தரிடமும் வாய்விட்டு, இன்னும் போடு என்று கேட்டதில்லை. அவளிடம்கூடக் கேட்டதில்லை. கேட்காமலே போட்டுவிடுவாள், அதனால் கேட்க வேண்டி வந்ததில்லை.

உடம்பு தன்னையே எடுத்துத் தின்னும் என்று அந்தப் பொண்ணு சொன்னாளே. அது எப்படி? எங்கே உட்கார்ந்து தின்னும்? யார் பரிமாறுவது? நாச்சிமுத்து அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தொடையில் இருந்த சதை, தோளில் இருந்தது, மூட்டை தூக்கித் தூக்கி ஏறினது, எல்லாம் ஒவ்வொன்றாகப் பந்திக்குப் போயிருக்கிறது. இத்தனை நாளும் இங்கே படுத்துக்கொண்டு ஒன்றும் தின்னவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தால், தின்றது தன்னைத்தானா? கடைசியில் அந்தப் பந்தி எங்கே வந்து நிற்கும்? மூச்சில் வந்து நிற்கும். மெஷின் புஸ்ஸென்றது. அந்தச் சத்தம் அவருக்கு முதல் தடவையாகப் பயமாக இருந்தது. இந்தச் சத்தத்தோடேயே இருந்துவிட வேண்டியதுதானா? கடை, வீடு, ருக்குமணி ஆற்றுகிற காப்பி, ஒன்றும் கிடையாதா? எதிர்க் கட்டிலில் இருந்தவரை நேற்று எங்கேயோ தள்ளிக்கொண்டு போனார்கள், எங்கே என்று யாரும் சொல்லவில்லை. அவரும் போதும் போதும் என்று கை காட்டின ஆள்தானோ? சாகப் பயமா என்று கேட்டால், பயம்தான், அதிலென்ன ஒளிவு மறைவு. ஆனால் இப்படியா, மரியாதைக்குச் செத்துப்போவது? கேள்விப்பட்டால் ஊர் சிரிக்காதா? பந்தி விசாரிக்கிற நாச்சிமுத்து சோறு கேட்கக் கூச்சப்பட்டுப் போய்ச் சேர்ந்தாராம் என்று எழவு வீட்டிலேயே சிரிப்பார்கள். சரி, பொழுதோட அவள் வரும்போது கையை எழுப்பவே கூடாது. போர்வைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கையைக் காட்டாவிட்டால் தூங்கிவிட்டார் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவாளே, இந்தப் பிள்ளைகளுக்குத் தூங்குகிறவரை எழுப்ப மனசு வராது. அப்படியானால் கேட்டுத்தான் ஆக வேண்டும். எப்படிக் கேட்பது? பந்தியில் வேண்டும் என்று கேட்கிறவர்களை நினைத்துப் பார்த்தார். யாருமே கேட்டதில்லை! எல்லோருக்கும் இவரே முந்திக்கொண்டு போய் நின்றுவிடுவார். இன்னும் போடு என்பதற்குக் கை எப்படி இருக்கும் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

பொழுது இறங்குகிற நேரத்தில் கதவு திறந்தது, பார்வையாளர் நேரம். ருக்குமணி மாஸ்க்கும் நீல அங்கியும் மாட்டிக்கொண்டு, யாரோ வேற்று வீட்டு மனுசி மாதிரி வந்து நின்றாள். நெற்றியில் திருநீறு மட்டும் அவளுடையதாக இருந்தது. "ஏனுங் மாமா, எப்படி இருக்குதுங்?" என்று கேட்டாள். கேட்டதற்குப் பதில் வராது என்று தெரிந்து அவளே தொடர்ந்தாள். கடையைத் திறந்து வைத்திருப்பதாக, நெல்லு விதை கேட்டு ஆள் வந்ததாக, வெளியே கேன்டீனில் காப்பி கழுநீர் மாதிரி இருப்பதாக. பேச்சு அது பாட்டுக்குப் போக, அவள் கை அவருடைய மேல்கையைத் தடவித் தடவி ஒரு இடத்தில் நின்றது. அஃப்ரின் டேப்பு நின்ற அதே இடம். அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். அந்தச் சமயம் பார்த்து ஸ்டெல்லா டம்ளரோடு வந்தாள். "அம்மா, செத்த அப்படி நில்லுங்க" என்றாள். சிரிஞ்சு மேலே போனது. கூழ் இறங்கியது. நாச்சிமுத்து கீழே இறங்குகிற அந்தக் கூழின் மட்டத்தையே பார்த்தார். வந்துவிட்டது, பாதி வந்துவிட்டது. ஸ்டெல்லா டம்ளரைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு கேட்டாள். "வயிறு நெறஞ்சிட்டாப்பா? போதுமா?" கை எழுந்தது. வேண்டாம் வேண்டாம் என்று உள்ளே இவர் கத்தக் கத்த அது தன்பாட்டுக்கு எழுந்து, விரல்களை விரித்து, உள்ளங்கையைக் கீழே காட்டி நின்றது, எத்தனையோ பந்தியில் நின்ற அதே கை. "செரி" என்று ஸ்டெல்லா தண்ணியை எடுக்கத் திரும்பினாள். ருக்குமணி சட்டென்று சிரித்துவிட்டாள். மாஸ்க்குக்குள் இருந்து அழுகையும் சிரிப்புமாக வந்தது அவள் குரல். "ஏனுங் மாமா, இங்கயும் எங்கப்பன் ஊட்டு விருந்துன்னு நெனச்சுட்டீங்ளா? முந்தானைல முடிஞ்சுட்டு வர்றதுக்கு இங்க என்னை விட மாட்டாங்கங்."

கை அப்படியே நின்றது. நாச்சிமுத்து அதைப் பார்த்தார். திரும்பு என்றார். அது திரும்பவில்லை. அதற்கு அந்தப் பக்கம் திரும்பிப் பழக்கமே இல்லை. ஸ்டெல்லா பஞ்சை எடுத்துக் குழாயைத் துடைக்கப் போனாள். அப்போதுதான் அவருக்குக் கை எப்படி இருக்கும் என்பது தெரிந்துவிட்டது. பந்தியின் கடைசியில், இலையை வழித்த பிறகும் ஆசை போகாதவர்கள் ரசத்துக்கு நீட்டுவார்களே, குழிந்த உள்ளங்கை, அதில் எத்தனை பேருக்கு இவர் ஊற்றச் சொல்லியிருக்கிறார்! கை மெதுவாக, மகா மெதுவாக, மூட்டை புரளுகிற மாதிரி புரண்டது. உள்ளங்கை மேலே பார்த்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிக் குழிந்தன. வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. கண்ணை மூடிக்கொள்ளலாமா என்றிருந்தது, மூடவில்லை. ஸ்டெல்லா அந்தக் கையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். "இன்னும் வேணுமாப்பா?" என்றாள். கை அசையாமல் குழிந்தே இருந்தது. "கேக்குறாருங்" என்றாள் ருக்குமணி, நம்பவே முடியாத குரலில். "அம்மிணி, ஊத்துங். எனக்குத் தெரிஞ்சு முதல் தடவையா கேக்குறாரு மனுசன்." ஸ்டெல்லா மறுபடி சிரிஞ்சைத் தூக்கினாள். கூழ் இறங்கியது, கொஞ்சம் நின்று பார்த்தாள், கை மூடவில்லை, மறுபடி ஊற்றினாள், இறங்கியது. நெஞ்சுக்குழிக்குக் கீழே கதகதப்பு பரவிக்கொண்டே போனது. அங்கேதானா நீ இருக்கிறாய் என்று அவர் அதைக் கேட்டார். கடைசியில் ஸ்டெல்லா டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்து அவருக்குக் காட்டிச் சிரித்தாள். "தீந்துபோச்சுப்பா. அவ்வளவும் உள்ள போயாச்சு. மேடம்கிட்ட சொல்லிருறேன், நாளைக்குக் கழட்டிப் பாக்கட்டும்." அந்த வார்த்தையைக் கேட்டு நாச்சிமுத்து தன் வாழ்நாளில் முதல் தடவையாகச் சந்தோசப்பட்டார்.